முதலில் எந்த மாத்திரை?

கணக்கு நோட்டைத் திறந்த ஐந்தாவது நிமிடம் பென்சில் சீவ எழுந்துபோகும். போன பிள்ளை திரும்பி வராது. வழியில் கிடந்த தம்பியின் பொம்மைக் காரை உருட்டிக்கொண்டிருக்கும். மூன்று தடவை கூப்பிட்டாலும் காதில் விழாது, நான்காவது தடவை அதட்ட வேண்டும். அதே பிள்ளைதான் ராத்திரி பதினொரு மணிக்குத் தூங்காமல் புரண்டுகொண்டு, ‘நாளைக்கு மிஸ் என்னை எழுப்பிக் கேள்வி கேட்டா என்னம்மா பண்றது?’ என்கிறது. திங்கட்கிழமை காலையில் தவறாமல் வயிற்றுவலி வரும். ஸ்கூல் வேன் போன பத்து நிமிடத்தில் வலியும் போய்விடும். பாட்டியைக் கேட்டால் ‘சரியான வாலு’ என்பார். அப்பாவைக் கேட்டால் ‘நடிக்கிறான்’ என்பார்.

துறுதுறுப்பு, மறதி, எடுத்த வேலையைப் பாதியில் விடுவது, தன் முறை வரும்வரை பொறுக்காமல் பாய்வது எல்லாம் சேர்ந்து பிள்ளையின் படிப்பையும் நட்பையும் கெடுக்கும் அளவுக்குப் போனால், டாக்டர்கள் அதை ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். காரணத்துக்கு மிஞ்சிய பயமும் கவலையும் அன்றாடத்தையே முடக்கினால் அது பதற்றக் கோளாறு. ‘ஆங்சைட்டி’ என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே பிள்ளைக்கு வருவது அபூர்வமல்ல. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு, சில ஆய்வுகளின்படி மூன்றில் ஒருவருக்கு, பதற்றக் கோளாறும் சேர்ந்தே இருக்கிறது. கோவை மாவட்டத்தில் நான்கு பள்ளிகளைச் சேர்ந்த, 6 முதல் 11 வயதுக்குட்பட்ட 770 பிள்ளைகளிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வு, ஏ.டி.எச்.டி. மட்டும் 11.32 சதவீதம் என்றது. உலகக் கணக்கு 5 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. நான்கு பள்ளிகளை வைத்து ஊரையே அளந்துவிட முடியாதுதான். ஆனால் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் இப்படி இரண்டு பேராவது இருப்பார்கள் என்பதை எந்த ஆசிரியரும் மறுக்கமாட்டார்.

இந்தப் பிள்ளையை டாக்டரிடம் கூட்டிப்போனால், பல சமயம் சீட்டில் முதலில் வரும் பெயர் மீதைல்ஃபெனிடேட். வீட்டுக்கு வந்து போனில் தேடினால் அது ‘ஸ்டிமுலன்ட்’ வகை, ஊக்க மருந்து என்று காட்டுகிறது. ஏற்கெனவே படபடப்பாக இருக்கிற பிள்ளைக்கு ஊக்க மருந்தா? எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதா? பெற்றோர் மட்டும் கேட்கும் கேள்வியல்ல இது. மனநல மருத்துவர்களே பல வருடங்கள் இதைச் சொல்லித் தயங்கினார்கள். இப்போது பதில் ஓரளவு தெளிவாகிவிட்டது. பலரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறான பதில் அது.

எப்போதிருந்து?

மருந்தின் பெயரைப் பேசுவதற்கு முன், நல்ல டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இதுதான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டின்படி, ஏ.டி.எச்.டி. என்று சொல்ல அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் தெரிய வேண்டும். பதற்றத்துக்குப் பெரும்பாலும் ஒரு தேதி இருக்கும். பள்ளி மாறிய வருஷம், தாத்தா இறந்த மாதம், ஒரு ஆசிரியர் எல்லோர் முன்னாலும் கையை நீட்டச் சொன்ன நாள்.

கவலையில் மூழ்கிய பிள்ளையும் பாடத்தைக் கவனிக்காது, அதுவும் உட்கார்ந்த இடத்தில் நெளியும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பரீட்சையும் இல்லை, மிஸ்ஸும் இல்லை, மே மாத விடுமுறை. பெரியப்பா வீட்டில் கேரம் ஆடுகிறார்கள். அங்கேயும் பிள்ளை அடுத்தவன் முறையில் ஸ்ட்ரைக்கரைப் பிடுங்குகிறதா? அப்படியென்றால் பயம் மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

மூன்றாவதாக ஒன்று உண்டு. இதைத்தான் நாம் அதிகம் கவனிப்பதில்லை. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை தடவை திட்டு வாங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். காலையில் ஷூ போடாததற்கு ஒன்று, வேனில் பக்கத்துப் பிள்ளையைச் சீண்டியதற்கு ஒன்று, ஹோம்வொர்க் நோட்டை மறந்ததற்கு இரண்டு. மூன்று வருடம் இப்படிப் போனால், கேள்வி கேட்கும் முன்பே நெஞ்சு அடித்துக்கொள்ளும். இந்தப் பயத்தின் வேர் கவனக்குறைவில் இருக்கிறது. கவனம் சரியானால், தனி மருந்து இல்லாமலேயே இதில் பெரும்பகுதி தணியும். அம்மாவைப் பிரிய முடியாத பயம், நாலு பேர் பார்க்க வாய் திறக்க முடியாத பயம் போன்றவை வேறு. அவற்றுக்குச் சொந்த வேர் உண்டு. கவனம் சரியானதும் அவை தானாகப் போய்விடாது.

கண், காது, தூக்கம், தைராய்டு, கற்றல் குறைபாடு, பள்ளியில் யாராவது கொடுமைப்படுத்துகிறார்களா என்பதையெல்லாம் பார்த்துவிடுவது வழக்கம், பார்த்தாக வேண்டும். அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, டாக்டர் அறையில் பிள்ளைக்குத் தனியாகப் பத்து நிமிடம் கிடைக்கிறதா என்பது. கவனக்குறைவை அம்மாவும் மிஸ்ஸும் துல்லியமாகச் சொல்லிவிடுவார்கள். பயம் உள்ளே இருப்பது, அதைப் பிள்ளைதான் சொல்ல முடியும். நம் கிளினிக்குகளில் அம்மாவே முழுக்கதையையும் ஒப்பித்துவிடுகிறார், பிள்ளை மேஜை மேலிருக்கும் பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டிருக்கிறது.

‘கணக்கு மாத்திரை’யும் ஒரு பழைய எச்சரிக்கையும்

1937-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில், குழந்தைகளுக்கான ஒரு மருத்துவ இல்லத்தில் சார்லஸ் பிராட்லி என்ற டாக்டர் இருந்தார். முதுகுத்தண்டில் ஊசி குத்தி எடுக்கும் ஒரு மூளைப் பரிசோதனைக்குப் பிறகு பிள்ளைகளுக்குக் கடுமையான தலைவலி வரும். அதற்காக பென்சட்ரின் என்ற ஆம்ஃபெட்டமின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் சில பிள்ளைகள் திடீரென்று பாடத்தில் உட்கார ஆரம்பித்தார்கள். 30 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில் 14 பேரிடம் வியக்கத்தக்க மாற்றம். கணக்கு ஓடுகிறது என்பதால் பிள்ளைகளே அதற்குக் ‘கணக்கு மாத்திரை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

1944-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சீபா நிறுவனத்தில் வேலை பார்த்த லியாண்ட்ரோ பனிஸ்ஸோன் மீதைல்ஃபெனிடேட்டைத் தயாரித்தார். ரீட்டா என்று அழைக்கப்பட்ட தன் மனைவியின் பெயரிலிருந்து அதற்கு ‘ரிட்டலின்’ என்று பெயரிட்டார். அந்தக் காலத்தில் அது பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்த மருந்தல்ல, சோர்வடைந்த பெரியவர்களுக்கானது.

பிறகு அது பிள்ளைகளின் மருந்தாக ஆனபோது, பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளில் ஓர் எச்சரிக்கையும் கூடவே வந்தது. கடும் பதற்றம், இறுக்கம், படபடப்பு உள்ளவர்களுக்கு இதைக் கொடுக்கக்கூடாது, அவற்றை இது அதிகமாக்கக்கூடும் என்ற அந்த வரி பல்லாண்டு காலம் அச்சாகிக்கொண்டிருந்தது. 1989-இல் வந்த ஓர் ஆய்வும், பதற்றமுள்ள பிள்ளைகளிடம் இந்த மருந்து அவ்வளவாக எடுபடவில்லை என்றது. டாக்டர்கள் தயங்கியதில் ஆச்சரியமில்லை.

2015-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதுவரை நடந்த 23 பரிசோதனைகளை, 2,959 பிள்ளைகளின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஊக்க மருந்து எடுத்த பிள்ளைகளுக்குப் பதற்றம் ஒரு பக்கவிளைவாக வரும் வாய்ப்பு, வெற்று மாத்திரை எடுத்த பிள்ளைகளைவிடக் கூடவில்லை. 14 சதவீதம் குறைந்திருந்தது. இது சராசரிதான். தனிப்பட்ட ஒரு பிள்ளைக்கு இந்த மருந்து பதற்றத்தைக் கூட்டவும் கூடும், அப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் ‘பதற்றம் இருக்கிறது, எனவே கொடுக்கவே கூடாது’ என்ற விதி இதோடு ஆட்டம் கண்டுவிட்டது. ஏ.டி.எச்.டி.யே பெரிய தொல்லையாக இருக்கும் பிள்ளைக்கு, கூடவே பதற்றம் இருந்தாலும், பல டாக்டர்கள் இன்று மீதைல்ஃபெனிடேட்டில்தான் தொடங்குகிறார்கள். அது வேலை செய்கிறதா இல்லையா என்பது சில வாரங்களில் தெரிந்துவிடும் என்பதும் ஒரு காரணம். 133 பரிசோதனைகளை ஒப்பிட்டு 2018-இல் வெளியான பெரிய ஆய்வும், குறுகிய காலத்துக்குப் பிள்ளைகளுக்கு முதல் தேர்வாக இதைத்தான் சொன்னது.

579 பிள்ளைகள், ஒரே மருந்து, இரண்டு விதப் பலன்

எந்த மருந்து என்பதைவிட, கொடுத்த பிறகு என்ன செய்கிறோம் என்பதே பெரிது என்று நான் எண்ணத் தொடங்கியது ஒரு பழைய அமெரிக்க ஆய்வைப் படித்த பிறகுதான். எம்.டி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த ஆய்வு 1999 டிசம்பரில் வெளியானது. 7 முதல் 9 வயதுள்ள 579 பிள்ளைகள், 14 மாத காலம், நான்கு குழுக்கள். ஒரு குழுவுக்கு ஆய்வு மருத்துவர்களின் கவனமான மருந்து. ஒரு குழுவுக்கு மருந்தே இல்லாமல் நடத்தைப் பயிற்சி. ஒரு குழுவுக்கு இரண்டும். நான்காவது குழு, அவரவர் ஊரில் அவரவர் டாக்டரிடம் வழக்கம்போலப் பார்த்துக்கொண்டது.

நான்காவது குழுவில் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் மருந்து எடுத்தவர்கள்தான். முக்கால்வாசிப் பேருக்கு அதே வகை மருந்து. இருந்தும் ஆய்வு மருத்துவர்களின் பிள்ளைகள் அவர்களைவிட நன்றாக முன்னேறினார்கள். எதனால்? ஆய்வில், தொடக்கத்திலேயே 28 நாள் ஒதுக்கி, ஒவ்வொரு நாளும் ஓர் அளவு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். அன்றைக்கு எந்த அளவு என்பது பெற்றோருக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. இருவரும் தினமும் மதிப்பெண் போட்டார்கள். கடைசியில் அந்தப் பிள்ளைக்கு ஒத்துப்போகும் அளவு எது என்று முடிவானது. அதன்பின் மாதம் ஒரு முறை அரை மணி நேரச் சந்திப்பு. டாக்டர் பள்ளி ஆசிரியரின் கருத்தையும் கேட்டார். ஊர் டாக்டரிடம் போன பிள்ளைகளுக்கு இந்த வசதி கிடைக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்த அளவும் பொதுவாகக் குறைவு.

இந்த 579 பேரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குப் பதற்றக் கோளாறும் இருந்தது. அவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது வந்த முடிவு நமக்கு நேரடியாகப் பயன்படும்: பதற்றமும் சேர்ந்த பிள்ளைகளிடம் நடத்தைப் பயிற்சி நன்றாக எடுபட்டது. பதற்றமில்லாத ஏ.டி.எச்.டி. பிள்ளைகளிடம் மருந்து முந்தியது போல இவர்களிடம் முந்தவில்லை. இரண்டையும் சேர்த்துப் பெற்ற குழுவுக்குக் கடைசியில் தேவைப்பட்ட மருந்தின் அளவும் குறைவாகவே இருந்தது. மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது குழுக்களுக்கிடையே இருந்த வித்தியாசம் மறைந்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 14 மாதம் கவனமாகப் பார்த்துவிட்டுப் பிறகு விட்டால், முன்பு கிடைத்த நன்மை அப்படியே நிற்பதில்லை.

மாத்திரையின் ஒரு நாள்

காலை ஏழு மணி. முதலில் டிபன், பிறகு மாத்திரை. மாறிப்போனால் இட்லி தட்டிலேயே இருக்கும், ஏனென்றால் இந்த மருந்து பசியை அடக்கிவிடும். சாதாரண மீதைல்ஃபெனிடேட் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, மூன்று நான்கு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஏழரைக்குப் போட்டது பதினொன்றரைக்கு இறங்குகிறது. அடுத்தது கணக்கு பீரியடாக இருக்கும். இரண்டாவது மாத்திரையைப் பள்ளியில் யார் கொடுப்பது? கிளாஸ் மிஸ்ஸுக்குப் பயம். ஆபீஸ் ரூமில் கொடுத்துவைத்தால் மற்ற பிள்ளைகள் ‘எதுக்குடா மாத்திரை?’ என்று துளைப்பார்கள். நாலு பேர் பார்வையே பயமான பிள்ளைக்கு இதுவே இன்னொரு பயம். மெல்ல மெல்லக் கரையும் நீண்ட நேர வகை மாத்திரை 8 மணி முதல் 12 மணி நேரம்வரை தாங்கும், விலை கூடுதல். பதற்றமும் சேர்ந்த பிள்ளைக்கு அந்தக் கூடுதல் விலைக்கு அர்த்தமிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

மதியச் சாப்பாட்டு டப்பா பாதி திரும்பி வரும். அதைப் பார்த்து அம்மா மனம் வெம்புவதைவிட, காலையில் நிறையவும் மாலையில் பசி திரும்பும் நேரத்தில் முட்டை, பால், சுண்டல் என்றும் கொடுத்து ஈடுகட்டுவது நடைமுறை. எம்.டி.ஏ. பிள்ளைகளில் மருந்தைத் தொடர்ந்தவர்களுக்கு மூன்று வருடத்தில் உயரம் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் பின்தங்கியது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் எடை, உயரம், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு நான்கையும் குறிப்பார்கள். தொடங்கும் முன்பே, குடும்பத்தில் யாராவது சிறு வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா, பிள்ளை ஓடும்போது மயங்கி விழுந்ததுண்டா என்றும் கேட்பார்கள். மறைக்காமல் சொல்லுங்கள்.

மாலை நான்கரை. இரண்டாவது மாத்திரையும் இறங்கும் நேரம். வாசற்படியிலேயே எரிச்சல், காரணமில்லாத அழுகை, ‘டியூஷனுக்குப் போகமாட்டேன்’. ‘மாத்திரை போட்டதிலிருந்து பதற்றம் அதிகமாயிடுச்சு டாக்டர்’ என்ற புகாரோடு பெற்றோர் வருகிறார்கள், அல்லது வராமலே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். இங்கேதான் கடிகாரம் பேசும். மருந்து உச்சத்தில் இருக்கும் முற்பகலில் பிள்ளை படபடக்கிறது, நகம் கடிக்கிறது, உறைந்துபோய் உட்கார்ந்திருக்கிறது என்றால் அது மருந்தின் வேலையாக இருக்கலாம். அளவு கூடிவிட்டதா, மருந்தே ஒத்துக்கொள்ளவில்லையா என்று பார்க்க வேண்டும். மருந்து இறங்கும் மாலையில் மட்டும் ஆர்ப்பாட்டம் என்றால் அது ‘ரீபவுண்டு’. வகையையோ நேரத்தையோ டாக்டர் மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். மருந்து வருவதற்கு முன்பும் பின்பும் ஒரே மாதிரிப் பயம் என்றால், பயத்துக்குத் தனியாக வைத்தியம் தேவை. மூன்றும் மூன்று வேறு முடிவுகள். எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துவைக்காத வீட்டில் மூன்றும் ‘ஆங்சைட்டி’ என்ற ஒரே வார்த்தையாக டாக்டரிடம் போய்ச் சேர்கின்றன. ஒரு பழைய டைரி போதும். மிஸ்ஸும் வாரம் ஒரு வரி எழுதினால் இன்னும் நல்லது.

இன்னொரு சின்ன விஷயம். இந்த மருந்து நாடித்துடிப்பைக் கொஞ்சம் கூட்டும். பதற்றப்படும் பிள்ளை தன் நெஞ்சுத்துடிப்பைத்தான் முதலில் கவனிக்கும், கவனித்ததும் பயப்படும். ‘மாத்திரை போட்டா நெஞ்சு லேசா வேகமா அடிக்கலாம், பயப்படாதே கண்ணா’ என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதிப் பயம் கிளம்பாது.

‘பழகிடுமா? பின்னாடி போதைக்குப் போயிடுவானா?’ என்று கேட்காத பெற்றோர் கிடையாது. 15 ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வந்த முடிவு, சிறுவயதில் ஊக்க மருந்து எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் போதைப் பழக்கம் கூடவில்லை என்பதே.

அணுகும் பாதை வேறு

மீதைல்ஃபெனிடேட் ஒத்துக்கொள்ளாதபோது வரும் அட்டோமாக்ஸெட்டின், ஊக்க மருந்து வகை அல்ல. முதலில் மனச்சோர்வுக்காக ஆராயப்பட்டு, 2002-இல் அமெரிக்காவில் ஏ.டி.எச்.டி. மருந்தாக அனுமதி பெற்றது. ஏ.டி.எச்.டி.யும் பதற்றமும் சேர்ந்த 176 பிள்ளைகளிடம் 12 வாரம் சோதித்து 2007-இல் வெளியிட்டதில், இரண்டுமே வெற்று மாத்திரையைவிட நன்றாகக் குறைந்தன. ஒரே மாத்திரையில் இரண்டு பிரச்னைக்கும் வழி என்பது கேட்க இனிக்கும். ஆனால் கவனத்தைப் பொறுத்தவரை சராசரியாக மீதைல்ஃபெனிடேட் அளவுக்கு வலுவில்லை. பலன் தெரிய நான்கு வாரம், ஆறு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். பத்தாவது நாளே ‘ஒண்ணும் தெரியலையே’ என்று நிறுத்துபவர்கள் அதிகம். குமட்டல், தூக்கக்கலக்கம் வரலாம். அரிதாகக் கல்லீரல் பாதிப்பு. கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது தெரிந்தால் உடனே போக வேண்டும். தற்கொலை எண்ணம் குறித்த எச்சரிக்கையும் 2005-இலிருந்து இதன் பெட்டியில் உண்டு. ஊக்க மருந்தில் படபடப்பு கூடும் பிள்ளை, தூக்கம் முற்றிலும் கெடும் பிள்ளை, மாலையும் இரவும் மருந்தின் பிடி தேவைப்படும் பிள்ளை ஆகியோருக்கு இது நல்ல மாற்று.

பதற்றமே முதல் எதிரி என்றால், அதாவது பிள்ளை பள்ளிக்கே போக முடியாமல் இருக்கிறது என்றால், வரிசை மாறும். அங்கே செர்ட்ராலின், ஃப்ளூஆக்ஸெட்டின் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மனச்சோர்வு மருந்துகள் வரும், பதற்றத்துக்கும் அவைதான். 488 பிள்ளைகளிடம் நடந்து 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், செர்ட்ராலின் மட்டும் எடுத்தவர்களில் 54.9 சதவீதம், பேச்சுவழிச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 59.7 சதவீதம், இரண்டும் பெற்றவர்களில் 80.7 சதவீதம் தேறினார்கள். வெற்று மாத்திரையில் 23.7. இந்த மருந்துகளில் ஒரு கண்ணி உண்டு: தொடங்கிய முதல் சில வாரங்களில், அல்லது அளவைக் கூட்டும்போது, சில பிள்ளைகள் அளவுக்கு மீறித் துள்ளுவார்கள், ராத்திரி தூங்கமாட்டார்கள், வாய் ஓயாது. பார்ப்பவர்கள் ‘ஏ.டி.எச்.டி. முத்திவிட்டது’ என்று அதற்கு மருந்தைக் கூட்டச் சொல்வார்கள். தேவை, புதிய மருந்தின் அளவைக் குறைப்பதுதான்.

2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மனச்சோர்வு மருந்துகளுக்குக் கறுப்புப் பெட்டி எச்சரிக்கை போட்டது. பிள்ளைகளிடம் நடந்த பரிசோதனைகளில், மருந்து எடுத்தவர்களில் 4 சதவீதத்தினரிடமும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதத்தினரிடமும் தற்கொலை எண்ணமோ முயற்சியோ தெரிந்தது. யாரும் இறக்கவில்லை. மருந்தைத் தொடக்கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. முதல் ஒரு மாதம் வாரம் ஒரு தடவையாவது பிள்ளையைப் பார்க்க வேண்டும், ‘செத்துப்போறேன்’ என்று சும்மா சொன்னாலும் சும்மா விடக்கூடாது என்று அர்த்தம்.

குளோனிடின் பழைய ரத்த அழுத்த மாத்திரை. தூக்கமின்மை, கோபம், தசைத்துடிப்பு இவற்றோடு வரும் ஏ.டி.எச்.டி.க்கு உதவும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும், அதுதான் ஆபத்து. அல்பிரசோலம் போன்ற ‘நரம்புத் தளர்ச்சி’ மாத்திரைகளை, பாட்டிக்கு எழுதிக் கொடுத்ததில் பாதியை உடைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஏ.டி.எச்.டி. பிள்ளையிடம் இருக்கிற கொஞ்ச நஞ்சக் கட்டுப்பாட்டையும் அது அவிழ்த்துவிடலாம். வல்லாரை? நல்ல கீரை, துவையல் அரைத்துப் போடுங்கள். மாத்திரைக்குப் பதிலாக மட்டும் வேண்டாம்.

இரண்டு மருந்து சேர வேண்டியிருந்தால் ஒன்றைத் தொடங்கி, அளவை நிலைப்படுத்தி, மிச்சம் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் அடுத்தது. ஒரே நாளில் இரண்டையும் தொடங்கிவிட்டால், நன்மை எதனால், தொல்லை எதனால் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. 2005-இல் வந்த ஒரு சின்ன ஆய்வில், முதலில் மீதைல்ஃபெனிடேட் கொடுத்து, பதற்றம் மிச்சமிருந்த பிள்ளைகளுக்கு ஃப்ளூவாக்ஸமின் என்ற பதற்ற மருந்தைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். வெற்று மாத்திரை சேர்த்ததைவிட அது மேலாக ஒன்றும் செய்யவில்லை. 25 பிள்ளைகள்தான் என்பதால் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. மாத்திரை மேல் மாத்திரை போடுவதற்கு முன் யோசிக்க இது போதும். சேர்க்கையில் இன்னொரு கவனம்: ஃப்ளூஆக்ஸெட்டின், அட்டோமாக்ஸெட்டினைக் கரைக்கும் கல்லீரல் நொதியைத் தடுத்துவிடும். வழக்கமான அளவே பல மடங்கு அளவு போல ரத்தத்தில் தேங்கும். இரண்டு டாக்டரிடம் இரண்டு சீட்டு வாங்கி, ஒருவரிடம் மற்றவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்கும் வழக்கம் இங்கே விபரீதமாகும்.

மருந்துக்கடையில் என்ன இருக்கிறது?

மீதைல்ஃபெனிடேட், 1985-ஆம் வருட போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. கணக்கு எழுதும் தொல்லைக்குப் பயந்து தெருமுனைக் கடைகள் பலவும் அதை வாங்கி வைப்பதில்லை. சென்னையிலோ கோவையிலோ பெரிய மருத்துவமனையை ஒட்டிய கடையில் கிடைக்கலாம். சின்ன ஊர்க்காரர் மாதம் ஒரு முறை பஸ் ஏற வேண்டும். ஸ்டாக் இல்லை என்று திருப்பி அனுப்பினால், நடுவில் பத்து நாள் இடைவெளி. எளிதாகக் கிடைப்பது என்பதற்காகவே அட்டோமாக்ஸெட்டினுக்கு மாறுபவர்கள் உண்டு. பிள்ளைக்கு எது பொருந்தும் என்ற கேள்வி, கடையில் எது இருக்கிறது என்ற கேள்வியாகிவிடுகிறது.

அதைவிடப் பெரிய பற்றாக்குறை பேச்சுவழிச் சிகிச்சைக்கு. மேலே சொன்ன 80.7 சதவீதத்தில் மருந்தும் 14 அமர்வுகள் கொண்ட சி.பி.டி. சிகிச்சையும் இருந்தன. சி.பி.டி. என்றால் ‘பயப்படாதே’ என்று அறிவுரை சொல்வதல்ல. வாய் திறக்கப் பயப்படும் பிள்ளை முதல் வாரம் அண்ணாச்சி கடையில் தானே கேட்டு ஒரு பாக்கெட் தயிர் வாங்கும். அடுத்தது பஸ்ஸில் கண்டக்டரிடம் தானே டிக்கெட் கேட்கும். பிறகு மாமாவுக்குப் போன் போட்டு இரண்டு நிமிடம் பேசும். பிறகு, முன்பே சொல்லிவைத்த மிஸ்ஸின் வகுப்பில், தெரிந்த ஒரு பதிலுக்குக் கையைத் தூக்கும். ஒவ்வொரு படியிலும் பயம் ஏறி, பிள்ளை ஓடாமல் நின்றதால் தானாக இறங்குவதை அது பார்க்கிறது. ஏ.டி.எச்.டி. பிள்ளைக்கு அமர்வுகளைச் சின்னதாக நறுக்கி, எழுதிவைத்து, உடனுக்குடன் பாராட்டி நடத்த வேண்டும். பல டாக்டர்கள் கவன மருந்தை முதலில் தொடங்குவதற்கு இதுவும் காரணம். பிள்ளை உட்கார்ந்தால்தானே இந்தப் பயிற்சி நடக்கும். ஐந்து வயது, அதற்குக் கீழ் என்றால் முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான், மாத்திரை அல்ல.

இதைச் செய்யத் தெரிந்த உளவியலாளர்கள் நம் பெருநகரங்களில் குவிந்திருக்கிறார்கள், கட்டணமும் பலருக்கு எட்டாது. அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவுகளிலும், மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களிலும் கேட்டுப் பாருங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவை, 14416 என்ற எண்ணில் தமிழிலும் பேசுகிறது. எங்கே போவது என்று வழிகாட்டும்.

நிறுத்துவது எப்போது?

காலம் முழுக்கச் சாப்பிடணுமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது, இரண்டு மருந்துக்கும் இரண்டு காலண்டர். பதற்ற மருந்தை, பிள்ளை நன்றாகத் தேறிய பிறகும் ஏறக்குறைய ஒரு வருடம் தொடர்ந்துவிட்டு, டாக்டர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். அதற்கு ஏற்ற காலம் பரீட்சையும் புது மிஸ்ஸும் இல்லாத கோடை விடுமுறை. மீதைல்ஃபெனிடேட் இன்னும் தேவையா என்று பார்ப்பதற்கு அதே விடுமுறை உதவாது. மே மாதம் மாத்திரை இல்லாமல் பிள்ளை ‘நல்லாத்தான் இருக்கான்’ என்றால், வகுப்பறை இல்லாமல் நன்றாக இருக்கிறான் என்பது மட்டுமே தெரியும். ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரங்களின் குழப்பமும் அடங்கட்டும். ஜூலையிலோ ஆகஸ்டிலோ, பரீட்சை இல்லாத சாதாரண இரண்டு வாரங்களைத் தேர்ந்தெடுத்து, டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்திப் பாருங்கள். கிளாஸ் மிஸ்ஸிடம் நிறுத்தியதைச் சொல்லாமல், அந்த இரண்டு வாரம் பிள்ளை எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதித் தரச் சொல்லுங்கள்.